சமத்துவ ஊர் கட்டலாம். திட்டம் யார் கையில்?

தோவாளைப் பக்கம் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். போன மாதம் உளவியல் முதுகலை படிக்கும் ஒரு தம்பி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசினார். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948ல் எழுதிய 'வால்டன் டூ' என்ற நாவல். பேசி முடித்ததும் அவர் கேட்டார்: "அண்ணே, நூறு வருஷமா சாதி தப்புன்னு பேசியாச்சு. பேசிப் பேசி யாரு மாறினா? நாமளே நெலம் வாங்கி, நம்ம விதிப்படி ஒரு ஊரு கெட்டுனா என்ன?"

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இந்தக் கேள்வி நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. இதே மண்ணில் ஏறத்தாழ 185 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாடு அரசும் வேறொரு வகையில் செய்து பார்த்தது. ஆகவே அந்தத் தம்பிக்கு அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

ஸ்கின்னர் சொன்னது என்ன?

நடத்தைவாதம் என்ற உளவியல் பிரிவின் அடிப்படை எளிது. ஒரு மனிதர் மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்று தோண்டிப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். அவர் என்ன செய்கிறார் என்று பார். அப்படிச் செய்ததும் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார். செய்ததற்குப் பலன் கிடைத்தால் மறுபடியும் செய்வார். பலன் நின்றுவிட்டால் அந்தப் பழக்கம் மெல்ல மெல்ல ஓயும். பலன் தரும் நிகழ்வை 'வலுவூட்டல்' என்பார்கள். தண்டனையைப் பற்றி ஸ்கின்னருக்கு நல்ல எண்ணம் கிடையாது. தண்டிக்கிறவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் பழக்கம் ஒளிந்திருக்கும், அவர் போனதும் வெளியே வரும் என்பது அவர் கட்சி.

இதை ஆய்வுக்கூடத்து எலி, புறாவோடு நிறுத்தாமல் ஒரு முழு ஊருக்கும் பொருத்திப் பார்த்த கதைதான் 'வால்டன் டூ'. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஒரு கற்பனை ஊர். அங்கே கூலி இல்லை, உழைப்புப் புள்ளி உண்டு. ஒருவர் நாளொன்றுக்கு நான்கு புள்ளி எடுத்தால் போதும். பூந்தோட்ட வேலை போல எல்லாரும் விரும்பும் வேலைக்கு மணிக்குப் புள்ளி குறைவு. சாக்கடை சுத்தம் செய்வது போல யாரும் விரும்பாத வேலைக்குப் புள்ளி அதிகம். அதாவது சாக்கடையில் இறங்குகிறவர் சீக்கிரம் வேலையை முடித்துவிட்டுப் போய் பாட்டு கேட்கலாம்.

வாசிப்பு வட்டத்தில் இந்த இடம் வந்தபோது கூடமே அமைதியானது. அங்கே இருந்த பிள்ளைகளில் மூன்று பேருடைய அப்பாக்கள் தூய்மைப் பணியாளர்கள்.

நாவல் நாவலோடு நிற்கவில்லை. 1967ல் எட்டுப் பேர் சேர்ந்து அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பழைய புகையிலைப் பண்ணையை வாங்கி 'ட்வின் ஓக்ஸ்' என்ற குடியிருப்பைத் தொடங்கினார்கள். கேட் கின்கேட் என்ற பெண் அதில் முக்கியமானவர். கயிற்றுத் தொட்டில் பின்னி விற்றுப் பிழைத்தார்கள். நாவலில் இருந்தது போலவே உழைப்புப் புள்ளி வைத்தார்கள், திட்டமிடுவோர் குழு வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஸ்கின்னரின் உளவியல் பின்னுக்குப் போனது. வேலைக்கு வேலை வேறுபட்ட புள்ளி தரும் முறையையும் கைவிட்டு, எந்த வேலையானாலும் ஒரு மணிக்கு ஒரு புள்ளி என்று மாற்றிக்கொண்டார்கள். பொதுவுடைமையும் சமத்துவமும் மட்டும் தங்கின. அந்தக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. 1973ல் மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில் தொடங்கிய 'லோஸ் ஓர்கோனெஸ்' என்ற சிறிய குடியிருப்போ, நாங்கள் நடத்தைவாதிகள்தான் என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டது.

சாதி ஒரு பயிற்சி

இதில் நமக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது.

சாதி செங்கல் சுவர் போன்ற பொருள் இல்லை, அது மனநிலை என்று அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். அந்த மனநிலைக்குச் சாத்திரத்தின் புனிதம் காவல் நிற்கிறது, அதைத் தகர்க்காமல் சாதி போகாது என்றார். நாம் அதை ஏற்கிறோம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மனநிலையை ஒவ்வொரு நாளும் உடம்பில் ஏற்றியது எது?

பழைய திருவிதாங்கூரை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 எட்டு விலகி நிற்க வேண்டும், புலையர் 96 எட்டு விலகி நிற்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. எட்டுக் கணக்கு! யார் எங்கே நிற்பது, எந்த வழியில் நடப்பது, தலையில் துணி கட்டலாமா, பெண்கள் மார்பை மறைக்கலாமா, எந்தச் சொல்லால் தன்னைக் குறிப்பிடுவது என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. மீறினால் அடி. பணிந்தால் ஒரு பிடி நெல். 1855 வரைக்கும் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது.

ஸ்கின்னர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய ஆய்வுக்கூடத்தை இங்கே ஊர் அளவில் கட்டி வைத்திருந்தார்கள். ஆதிக்க சாதிக்காரருக்கு விலகி நிற்பவர் தரும் பணிவு தினமும் கிடைக்கும் வலுவூட்டல். ஒடுக்கப்பட்டவருக்கு அடிக்குத் தப்புவதே பலன். இரண்டு பக்கமும் பழகிவிடுகிறது. பழகிய பிறகு அதற்குப் 'பண்பாடு' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இப்படிப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்கும். சாதியை விட்டுவிடு என்று ஆதிக்க சாதிக்காரரிடம் உபதேசம் செய்வது பெரும்பாலும் ஏன் தோற்கிறது? உபதேசம் ஒரு மணி நேரம் நடக்கிறது. சாதி அவருக்குக் கொடுக்கும் நிலம், மரியாதை, வாக்கு, கல்யாணச் சந்தை ஆகியவை மீதி இருபத்து மூன்று மணி நேரமும் நடக்கின்றன.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1926ல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. எத்தனை பேர் எத்தனை விவாதம் செய்தும் அசையாத கோயில் கதவு, 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததும் திறந்தது. அன்று காலையில் எல்லார் மனதும் மாறிவிட்டதா? இல்லை. தடுத்தால் கிடைத்த பலன் நின்றது, அவ்வளவுதான். அதே ஆட்கள் அடுத்த வாரம் நம்மோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பிரகடனம் இல்லை என்பதால் அது மட்டும் பழையபடியே இருந்தது.

முட்டப்பதிக் கடற்கரையில்

இனி நம் மாவட்டத்தின் முதல் சோதனைக்கு வருவோம்.

அய்யா வைகுண்டர் 1809ல் பிறந்தவர். அன்று சாணார் என்று இழிவாக அழைக்கப்பட்ட சமூகம் அவருடையது. திருவிதாங்கூர் அரசு அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. 1839ல் விடுதலையாகி வந்த பிறகு அவர் செய்த காரியம்தான் 'துவையல் பந்தி'. சுமார் 700 குடும்பங்கள் வாகைப்பதியில் கூடி வாழ்ந்தன என்றும், பிறகு முட்டப்பதிக்கு மாறின என்றும் அய்யாவழி மரபு சொல்கிறது. தினமும் மூன்று வேளை குளிப்பது, உடுத்த துணியைத் துவைத்துக் கட்டுவது, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து ஆக்கிய எளிய உணவை எல்லாரும் ஒன்றாக உண்பது, ஒன்றாக வழிபடுவது. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் குடும்பம் குடும்பமாக இதில் இருந்தார்கள். பயிற்சி முடிந்து கலைந்தவர்கள் போன இடங்களில் நிழல் தாங்கல்களை அமைத்து அதே ஒழுங்கைப் பரப்பினார்கள்.

அய்யாவழியை மதமாகப் பின்பற்றுகிறவர்கள் இதைத் தவம் என்பார்கள். அதை நாங்கள் மதிக்கிறோம். சமூகவியல் மாணவர்களாக நாங்கள் பார்ப்பது இதன் மற்றொரு பக்கத்தை. தலையில் துணி கட்டக் கூடாது என்று அடித்துப் பழக்கிய சமூகத்தின் ஆண்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வழிபட வேண்டும் என்றார் வைகுண்டர். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத நாட்டில் சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு வெட்டி, எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் குளிக்கட்டும் என்றார். சேர்ந்து உண்ணாத நாட்டில் சமபந்தி வைத்தார். வழிபாட்டு இடத்தில் கண்ணாடியை வைத்து, கும்பிட வந்தவரைத் தன் முகத்தையே பார்க்க வைத்தார்.

கவனியுங்கள். நீ தாழ்ந்தவன் இல்லை என்று பேசியதோடு அவர் நிற்கவில்லை. தாழ்ந்தவன் இல்லாத ஒருவன் எப்படி நிற்பான், எப்படி உடுத்துவான், யாரோடு சாப்பிடுவான் என்று தினமும் செய்து பழக ஓர் இடத்தை உண்டாக்கினார். முதலில் உடம்பு நிமிர்ந்தது. மனது பின்னால் வந்தது. தோள்சீலைப் போராட்டத்தின் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பதினெட்டுச் சாதியும் ஒன்றாகட்டும் என்ற அந்த ஒழுங்கின் முதல் பலனை அடைந்தவர்கள் ஒரு சமூகத்தார். அவர்கள் கல்வியிலும் வணிகத்திலும் எழுந்தது நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கிணற்றின் பாடம் இன்று எல்லாத் தெருவுக்கும் வந்திருக்கிறதா? பறையர், புலையர், சக்கிலியர் வீட்டுப் பிள்ளை பெண் கேட்டுப் போனால் என்ன நடக்கிறது? ஒரு தலைமுறை பாடுபட்டுப் பழகியது அடுத்த தலைமுறைக்குத் தானாக வந்துவிடாது. பலன் மாறினால் பழக்கமும் மாறும் என்பது கீழிருந்து மேலே எழுந்தவர்களுக்கும் பொருந்தும். மேலே போனதும், கீழே பார்ப்பதில் ஒரு பலன் கிடைக்க ஆரம்பித்துவிடுகிறது.

அரசு கட்டிய ஊர்

இரண்டாவது சோதனை, பெரியார் நினைவு சமத்துவபுரம். கலைஞர் ஆட்சியில் முதல் சமத்துவபுரம் 1998ல் மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. பிறகு மாநிலம் முழுவதும் இருநூற்றுக்கு மேல் கட்டப்பட்டன. ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு. சாதிவாரியாகத் தெரு பிரிக்காமல் கலந்து குடியிருக்க வேண்டும். பொதுவான சமுதாயக் கூடம், பொதுவான சுடுகாடு.

இந்தியாவில் எந்த அரசும் இதற்கு முன் இவ்வளவு வெளிப்படையாகச் செய்யாத காரியம் இது. ஊர், சேரி என்ற பிரிவே சாதியின் முதல் சுவர் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு, அந்தச் சுவர் இல்லாமல் ஒரு வரைபடம் போட்டது. இதைக் கேலி செய்கிறவர்களோடு நாங்கள் சேர மாட்டோம்.

வரைபடம் எவ்வளவு தூரம் போனது என்பதையும் பார்க்க வேண்டும். களப்பணிக்காக நாங்கள் அடிக்கடி போகும் இப்படியொரு குடியிருப்பில் ஓர் அம்மா இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். பேத்தியின் கல்யாணத்துக்கு அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் பத்திரிகை வைத்தார். எல்லாரும் வந்தார்களா என்று கேட்டோம்.

"வந்தாவ மக்களே, வராம என்ன. மொய் வச்சாவ. ஒரு கலரு குடிச்சாவ. போயிட்டாவ. சோத்துல ஒருத்தரும் கை வைக்கல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "வீட்ட ஒண்ணா கெட்டிக் குடுத்தாவ. அடுப்ப யாரு ஒண்ணா ஆக்குவா?"

மூடி போட்ட பாட்டிலில் வந்த கலர் தீட்டில்லை. நம் கை பட்ட சோறு தீட்டு. சுவர் பொதுவாகி இருபது ஆண்டு ஆகியும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஏன்?

ஏனென்றால், வீடு மட்டும்தான் உள்ளே வந்தது. வேலை, நிலம், குலதெய்வம், கல்யாணம், சாதிச் சங்கம் எல்லாம் வாசலுக்கு வெளியே பழைய இடத்திலேயே இருக்கின்றன. அந்த அம்மாவின் வீட்டில் சாப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய சொந்தத்தில் என்ன கிடைக்கும்? பேச்சு கிடைக்கும், மகளுக்கு வரன் தட்டிப்போகும். சாப்பிடாமல் போனால்? ஒரு நஷ்டமும் இல்லை. நடத்தைவாதம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு நிமிடத்தில் புரியும். சூழலை மாற்றுவதாகச் சொல்லி வீட்டின் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம். பலனை மாற்றவில்லை.

இதோடு பள்ளிச் சத்துணவை ஒப்பிட்டுப் பாருங்கள். அதை யாரும் சமத்துவத் திட்டம் என்று சொல்வதில்லை. ஆனால் காமராசர் காலத்து மதிய உணவும், 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022ல் தொடங்கிய காலை உணவும் லட்சக்கணக்கான பிள்ளைகளை ஒரே அடுப்பில் ஆக்கிய சோற்றுக்கு முன்னால் தினமும் உட்கார வைத்தன. பசிக்கும் நேரம், சூடான சோறு, கூடவே விளையாடும் கூட்டாளி. பலன் உடனே கிடைக்கிறது, நாள் தவறாமல் கிடைக்கிறது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சமூகப் பெண் சமைத்தார் என்று சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லி எச்சரித்தார். பிள்ளைகளுக்கு அந்தச் சோற்றில் ஒரு சிக்கலும் இல்லை, சிக்கல் பெற்றோருக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தண்டனையால் பயனில்லை என்ற ஸ்கின்னரின் பேச்சை எடுத்துக்கொண்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எதற்கு, அன்பால் திருத்தலாமே என்று நாளைக்கு யாராவது உங்களிடம் வரலாம். விட்டுவிடாதீர்கள். 1989ல் வந்த அந்தச் சட்டம் ஆதிக்க சாதிக்காரரின் குணத்தைத் திருத்த வந்ததில்லை. நம் உயிரைக் காக்க வந்தது. அடித்தவருக்குச் சாதிக்குள் மாலை மரியாதையும், வழக்கில் விடுதலையும் கிடைக்கிற நாட்டில் தண்டனை பயன் தரவில்லை என்று சொல்ல முடியாது. தண்டனை இன்னும் ஒழுங்காகத் தொடங்கவே இல்லை.

திருத்தும் குடியிருப்புகள்

மூன்றாவது ஒரு சோதனையும் இந்த நாட்டில் நடந்தது. திட்டமிட்ட ஊர் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1871ல் வெள்ளை அரசு குற்றப் பழங்குடியினர் சட்டம் கொண்டுவந்தது. பிறப்பாலேயே சில சமூகங்கள் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதியது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் இந்தச் சட்டம் பாய்ந்தது. கைரேகை, ஆள் எண்ணிக்கை எடுக்கும் இரவு வருகைப் பதிவு, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்டத் தடை. இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் 'திருத்தக் குடியிருப்புகள்' அமைக்கப்பட்டன. ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் அப்படி உருவான ஊர். அதை நடத்தியது இரட்சணிய சேனை. நேரத்துக்கு எழுவது, நேரத்துக்கு வேலைக்குப் போவது, நல்ல நடத்தைக்குச் சலுகை, மீறினால் தண்டனை.

வால்டன் டூவுக்கும் இதற்கும் விதிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ட்வின் ஓக்ஸில் போய்ச் சேர்ந்தவர்கள் விரும்பிப் போனார்கள், பிடிக்காவிட்டால் திரும்பி வர அவர்களுக்கு வீடும் படிப்பும் இருந்தன. ஸ்டூவர்ட்புரத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு வெளியே போக உரிமை இல்லை, விதியை எழுதும் உரிமையும் இல்லை. 1952 ஆகஸ்ட் 31 அன்றுதான் நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்கியது.

இதனால்தான் ஸ்கின்னரின் நாவலில் எங்களுக்கு ஓர் இடம் உறுத்துகிறது. அங்கே ஆறு திட்டமிடுவோர் உண்டு. அவர்களை ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. நல்லவர்கள், அறிவாளிகள், எல்லாருக்கும் நல்லதையே திட்டமிடுவார்கள் என்கிறார் ஸ்கின்னர். மேலே இருக்கிற அறிவாளி நமக்காக விதி எழுதி, நாம் அதில் பழகிக்கொள்வது என்பதை நாம் ஏற்கனவே பார்த்தாயிற்று. அதற்கு மனு தர்மம் என்று பெயர். 1971ல் எழுதிய ஒரு நூலில் சுதந்திரம், மாண்பு என்ற கருத்துகளைத் தாண்டிப் போக வேண்டும் என்று ஸ்கின்னர் வாதிட்டார். மாண்பு கையில் இருக்கிறவர் அதைத் தாண்டிப் போகலாம். நாம் அதற்காக இன்னும் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அம்பேத்கர் கேட்ட ஊர்

வாசிப்பு வட்டத்துத் தம்பியின் கேள்விக்கு அம்பேத்கரிடமே ஒரு பதில் இருக்கிறது. நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம். 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்டோர் மாநாடு, பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947ல் அவர் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அது இன்னும் விரிவாக வருகிறது. தனிக் குடியிருப்புக்கு ஒரு ஆணையம், அதன் கையில் அரசின் தரிசு நிலம், தேவைப்பட்டால் தனியார் நிலத்தையும் வாங்கப் பணம்.

ஏன் தனி ஊர்? சாதி இந்துவின் ஊரில் நாம் சிறுபான்மை. அவர் நிலத்தில் கூலி. அவர் கடையில் கடன். உரிமை கேட்ட அடுத்த நாள் கூலி நிற்கும், கடை மூடும், வழி அடைபடும். இந்த நிலையில் அரசியல் சட்டம் தரும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும் என்பது அவர் கண்டது. ஊரின் சுவரைவிட ஊரின் பொருளாதாரத்தைத்தான் அவர் முதலில் பார்த்தார். பணிந்தால் பலன், நிமிர்ந்தால் தண்டனை என்ற ஏற்பாட்டை வேரோடு பிடுங்க வேண்டுமென்றால், கூலி தருகிற கையிலிருந்து நாம் விலக வேண்டும்.

ஸ்கின்னரின் மொழியில் சொன்னால், வலுவூட்டல் எவர் கையில் இருக்கிறதோ அவர்தான் உண்மையில் ஊரைத் திட்டமிடுகிறவர். அம்பேத்கர் அந்தக் கையைத்தான் மாற்றச் சொன்னார்.

மூன்று கேள்விகள்

ஆகவே, தம்பி கேட்டதற்கு எங்கள் பதில்: கட்டலாம். குடியிருப்பாக இருக்கட்டும், விடுதியாக இருக்கட்டும், கூட்டுறவாக இருக்கட்டும், மாலை நேரப் பள்ளியாக இருக்கட்டும். மனது மாறட்டும் என்று காத்திருக்காமல் பழக்கத்தை மாற்றும் இடங்களை உண்டாக்குவது சரியான வேலை. ஆனால் ஒவ்வொன்றையும் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, விதியை எழுதுவது யார்? துவையல் பந்தியில் விதி உள்ளிருந்து வந்தது. திருத்தக் குடியிருப்பில் மேலிருந்து வந்தது. நம்மைப் பற்றிய திட்டத்தில் நாம் 'பயனாளிகள்' என்ற பெயரில் மட்டும் வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். நம் இயக்கத்துக்குள்ளும் இதையே கேளுங்கள். விதி எழுதும் இடத்தில் பெண்கள் எத்தனை பேர்? அருந்ததியர் எத்தனை பேர்?

இரண்டாவது, வாசலுக்கு வெளியே பலன் மாறுகிறதா? சேர்ந்து வாழ்பவருக்கு, சாதி தாண்டிக் கல்யாணம் செய்தவருக்கு வேலை, வீடு, பாதுகாப்பு, பிள்ளையின் படிப்பு இவற்றில் என்ன கிடைக்கிறது? மேடையில் கிடைக்கும் கைதட்டல் அடுத்த மாதச் சோற்றுக்கு உதவாது. சாதி மறுப்புத் திருமணம் செய்த ஒரு தம்பதிக்கு நாகர்கோவிலில் வாடகை வீடு பிடித்துக் கொடுக்க நாங்கள் ஐந்து வாரம் அலைந்தோம். அந்த ஐந்து வாரம்தான் உண்மையான தேர்வு. அதில் தோற்றால் நம் பேச்சையெல்லாம் தோற்றதாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கழிப்பறையைக் கழுவுவது யார்? ஒரு சமத்துவ அமைப்பை அளக்க இதைவிட நல்ல கோல் இல்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சாக்கடையில் இறங்கிச் செத்தால் 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வேலை இன்னும் ஒரே சாதிகளின் தலையில்தான் இருக்கிறது. சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. ஸ்கின்னரின் கற்பனை ஊரில் அந்த வேலைக்கு அதிகப் புள்ளி. எங்களுக்கு அதுவும் போதாது. அதிகப் புள்ளி கொடுத்து அதே ஆட்களை அதே குழியில் இறக்கக் கூடாது. குழியில் எந்திரம் இறங்கட்டும். துடைப்பம் எல்லார் கைக்கும் முறைவைத்து வரட்டும்.

அன்று கூட்டம் முடிந்ததும் இந்த மூன்றாவது கேள்வியை எங்களிடமே திருப்பினார் ஒரு தங்கை. "அண்ணே, இந்தக் கூடத்துக் கக்கூச ஒவ்வொரு வாரமும் யாரு கழுவுறா?"

பதில் எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா. பணம் வாங்குவதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. ஓராண்டாக உள்ளே சாதி ஒழிப்பு பேசினோம், வெளியே அவர் கழுவினார். எங்கள் வட்டத்தின் வலுவூட்டல் யாருக்குக் கிடைத்தது என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

இப்போது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு பேர், அகர வரிசையில். ஸ்கின்னர் படித்த தம்பியின் பெயர் இரண்டாவது வாரத்தில் வருகிறது. இந்தக் கட்டுரையை எழுதியவர்கள் பெயர் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

உங்கள் ஊரில், உங்கள் விடுதியில், உங்கள் அமைப்பின் அலுவலகத்தில் அந்தத் தாள் இருக்கிறதா என்று இன்று போய்ப் பாருங்கள்.

ஜெய் பீம்.